நாகதோரோவில் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்று காகிகோரி சாப்பிட்டோம்: போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு

#1 கோடைமழை

போன சனிக்கிழமை நான், வீட்டுக்காரர், எட்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை நான்கு பேரும் சைதாமா மாகாணத்து நாகதோரோவுக்குப் போய், அசாமி ரெய்ஸோ என்ற கடையில் காகிகோரி, அதாவது பாகு ஊற்றிச் சாப்பிடும் சீவின ஐஸ், சாப்பிட்டு வந்தோம். "டோக்கியோவிலேயே கிடைக்கிற சீவின ஐஸுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று இங்கே பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆறு வருடமாக என் எண்ணமும் அதுதான். இப்போது மாறிவிட்டது, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிஷி-கசாயிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். உவேனோவில் தகாசாகி லைன் பிடித்து குமகாயா, அங்கிருந்து சிச்சிபு ரயில். காமி-நாகதோரோவில் இறங்கினால் கடைக்குப் பொடிநடைதான். குமகாயா 2018 ஜூலை 23 அன்று 41.1 டிகிரி அடித்த ஊர். காலை வேளையிலேயே பிளாட்பாரத்தில் அனல் அடித்தது. அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

கடை திறக்கும் முன்பே போயும் எங்களுக்கு முன்னால் ஐம்பது, அறுபது பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி மடக்கு ஸ்டூல் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அத்தைக்கு முட்டிவலி, அது இல்லாவிட்டால் பாதியில் திரும்பியிருப்போம். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மறக்காதீர்கள். "என்னம்மா இது, வெறும் தண்ணியைத் திங்கவா இம்புட்டுக் கூட்டம்?" என்று அத்தை இரண்டு தடவை கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அது வந்தது. கிண்ணத்துக்கு மேலே மகளின் முகம் உயரத்துக்கு வெள்ளைக் குவியல், மேலே எதுவும் ஊற்றவில்லை. பாகு தனியாக ஒரு சின்னக் குவளையில். அந்தக் கடையின் பேர்போன பாகு அது, 'பட்டறை ரகசியப் பாகு' என்கிற அர்த்தத்தில் பெயர். நிறமே இல்லாத மாதிரி வெளிறிய மஞ்சள். வேகவைத்து மசித்த இனிப்புப் பயறு இன்னொரு தட்டில்.

பாகு ஊற்றாமல் முதல் கரண்டியை எடுத்து வாயில் போட்டேன். ஐஸ் என்றால் பல்லில் நறுக்கென்று படும் என்று வாய் தயாராக இருந்தது. கடிக்க அங்கே எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. நாக்கில் பட்டதும் குளிர்ந்து, தண்ணீராகி, போய்விட்டது. அடுத்த கரண்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொடியாக இல்லை, இழைப்புளியில் சீவிய மரச்சுருள் மாதிரி, வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நடுவில் எல்லாம் காற்று.

அத்தையும் வெறும் ஐஸைத்தான் முதலில் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "குத்தாலத்துத் தண்ணி மாதிரி இருக்கு." தென்காசிக்காரர்களுக்குத் தெரியும், அந்த வாயிலிருந்து தண்ணீருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வராது. வரிசையில் அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். அந்தத் தண்ணீரைச் சாப்பிடத்தான் அங்கே கூட்டம்.

1890-லிருந்து அவர்கள் இதைச் செய்கிறார்கள். ஹோதோ மலையடிவாரத்து ஓடைத் தண்ணீரைக் குளத்தில் தேக்கி, குளிர்காலத்தில் தானாக உறையவிட்டு, வெட்டி எடுத்துச் சேமித்து, கோடையில் சீவித் தருகிறார்கள்.

போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாலு கரண்டியை எதுவும் ஊற்றாமல் சாப்பிடுங்கள்.

#2 வைகைக்கரை

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் விடவே மாட்டேன் என்கிறது. ஆளுக்கு 1,500 யென் பக்கம் ஆகியிருக்கும், நம்ம காசுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல். ஒசாகாவில் எங்கள் தெருத் திருவிழாவில் 400 யென்னுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஊற்றித் தருகிறார்கள், பிள்ளைகள் சந்தோஷமாகச் சாப்பிடுகின்றன. குளத்து ஐஸ் என்பதால் ருசி மாறும் என்று என்னால் நம்ப முடியவில்லை. உறைந்தால் எல்லாம் தண்ணீர்தானே?

குளிர்பதனக் கிடங்கு வேலையில் இருப்பதால் சொல்கிறேன். இங்கே ஐஸ் ஆலைகளில் 'ஜுன்பியோ' என்று ஒன்று செய்கிறார்கள். தண்ணீரை வடிகட்டி, பெரிய தகரப் பெட்டியில் ஊற்றி, மைனஸ் 10 டிகிரி அளவில், காற்றை உள்ளே விட்டுக் கலக்கிக்கொண்டே 48 மணி நேரத்துக்கு மேல் உறைய வைப்பார்கள். மெதுவாக உறையும்போது ஐஸ் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு, காற்றையும் உப்பையும் நடுப்பக்கமாகத் தள்ளிவிடும். அந்த நடுத்தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெளியே வரும் பாளம் 135 கிலோ, கண்ணாடி மாதிரி இருக்கும். கடைகளுக்கு அதை 'கான்' கணக்கில் அறுத்துத் தருவார்கள், ஒரு கான் 3.75 கிலோ. இந்த ஐஸிலும் நீங்கள் சொல்லும் அதே ஏடு வரும். நானே சாப்பிட்டிருக்கிறேன்.

#3 கோடைமழை

நியாயமான கேள்வி. உங்கள் தொழில் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். ஆனால் திருவிழா ஐஸையும் இதையும் ஒன்றாக வைக்க வேண்டாமே. திருவிழாவில் நாம் சாப்பிடுவது நிறத்தை. அதுவும் வேண்டியதுதான், என் மகளுக்கு 'நீல ஹவாய்' பாகு இல்லாமல் கோடை கிடையாது. இங்கே ஐஸ்தான் பண்டம், பாகு தொட்டுக்கொள்ள. சோற்றுக்கும் குழம்புக்கும் உள்ள உறவு மாதிரி.

#4 பனிக்குளம்

வைகைக்கரை அண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மென்மைக்குக் காரணம் குளமா ஆலையா என்பதல்ல, சீவும் நேரத்தில் ஐஸின் சூடு. உறைபெட்டியிலிருந்து மைனஸ் 20-இல் எடுத்து உடனே சீவினால் எந்த ஐஸும் நொறுங்கித் தூளாகும். வெளியே வைத்து, மேல் வெண்மை போய்ப் பளபளவென்று வியர்க்க ஆரம்பித்த பிறகு, பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே இருக்கும்போது பிளேடு வைத்தால் ஏடாக வரும். நல்ல கடைகளில் பார்த்தால் தெரியும், ஒரு பாளம் சீவப்படும்போது அடுத்தது ஓரமாக வியர்த்துக்கொண்டு இருக்கும்.

ஆனால் மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும். ஒரு ஜனவரியில் நிக்கோ பக்கம் ஐஸ் வெட்டும் இடத்துக்கு நண்பரோடு போயிருந்தேன். குளம் உறைய ஆரம்பித்ததிலிருந்து வெட்டுகிற வரைக்கும் தினமும் பெருக்குகிறார்கள். ஆமாம், விளக்குமாறு வைத்துத்தான். ஓர் இலை, தூசி விழக்கூடாது. பனி விழுந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எழுந்து போய்த் தள்ள வேண்டும். பனி மூடினால் போர்வை போட்ட மாதிரி, உறைவது நின்றுவிடும், மேலேயும் வெள்ளையாகிவிடும். மழை பெய்தால் இரண்டு வார உழைப்பும் போச்சு. எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் கனம் வந்தால் வெட்டலாம்.

வெட்டிய பாளங்களை மூங்கில் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு கிடங்குக்குள் போகும். மூங்கிலில் ஐஸ் உரசுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே அடுக்கி மரத்தூள் போட்டு மூடுகிறார்கள். கோடைவரைக்கும் அதுதான் காப்பு.

நிக்கோவில் இப்படிச் செய்கிற ஐஸ் கிடங்குகள் இப்போது மூன்றுதான். 1,500 யென்னில் அந்த விளக்குமாற்றுக்கும் பங்கு உண்டு என்று எனக்குப் படுகிறது.

#5 வைகைக்கரை

மழை பெய்தால் முழுவதும் போகும் என்பது தெரியாது தம்பி. சரி, விலை பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ருசி பற்றிச் சொன்னதை, ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுகிறேன்.

#6 பினாங்குக்காரி

இந்தப் பேச்சைப் படிக்கப் படிக்கப் பசிக்கிறது. நாங்கள் ஐஸ் கச்சாங் தின்று வளர்ந்தவர்கள். சிவப்புப் பயறு, சோளம், ஜெல்லி, கெட்டிப்பால் எல்லாம் போட்டு, கரண்டியை உள்ளே விட்டு நன்றாகக் கலக்கி, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிடுவோம். கியோட்டோவில் உஜி கிந்தோகி கொண்டுவந்து வைத்ததும் கை பழக்கத்தில் கலக்கிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் பச்சைத் தண்ணீர்! பக்கத்து மேசை அம்மாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். உச்சியிலிருந்து குத்தக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பாகைக் கொஞ்சம் ஊற்றி, அந்த இடத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மறுபடி ஊற்ற வேண்டும். மொத்தப் பாகையும் ஒரேயடியாக ஊற்றினால் சரிந்துவிடும்.

உஜி என்றால் மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூள், கிந்தோகி என்றால் பயறு. அந்தப் பயறும் எங்கள் ஊர்ப் பயறும் ஒரே குடும்பம்தான், அதனால் எனக்கு முதல் வாயிலேயே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஒகினாவா போனால் 'ஸென்ஸாய்' கேளுங்கள். ஜப்பானின் மற்ற இடங்களில் அந்தப் பெயருக்குச் சூடான பயற்றுக் கஞ்சி வரும். ஒகினாவாவில் இனிப்புப் பயற்றின் மேல் சீவின ஐஸ் வரும்.

#7 புதுவரவு_டோக்கியோ

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அப்பா அம்மா வருகிறார்கள், இருவரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நாகதோரோ தூரம் என்று அப்பா சொல்லிவிட்டார். டோக்கியோவுக்குள்ளேயே எங்கே கூட்டிப் போகலாம் அக்கா? எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

#8 கோடைமழை

வாங்க தம்பி. நிப்போரி ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி யனாகா கடைத்தெருப் பக்கம் நடந்தால் ஹிமிட்சுதோ என்ற கடை இருக்கிறது. 'ஹி' பனிக்கட்டி, 'மிட்சு' பாகு. சேர்த்துச் சொன்னால் 'ரகசியம்'. நிக்கோவின் இயற்கை ஐஸ், அதுவும் கையால் சுற்றும் இயந்திரத்தில். சீவுகிறவர் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார். விழுகிற ஏட்டை அமுக்கிவிடாமல், சரியவும் விடாமல் குவிக்கிற அந்தக் கைப்பழக்கத்தைப் பார்ப்பதற்கே போகலாம். ஸ்ட்ராபெரி பால் சொல்லுங்கள். குளிர்காலத்தில்கூட அங்கே வரிசை உண்டு, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

சைவம் பற்றி. வெறும் ஐஸ், பழப்பாகு, பயறு, மாட்சா, கெட்டிப்பால், வறுத்த சோயா மாவான கினாகோ, கறுப்பு வெல்லப் பாகான குரோமிட்சு இதிலெல்லாம் பயமில்லை. வெள்ளை உருண்டையாக வரும் ஷிராதமா அரிசிமாவு, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜெல்லி சதுரமாக வந்தால் பெரும்பாலும் கான்தென், அது கடற்பாசி. கவனிக்க வேண்டியது நுரையாக, மூஸ் மாதிரி மேலே ஊற்றும் புதுப்பாணிக் கிண்ணங்களை. அவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், சிலதில் முட்டையும் இருக்கலாம். "ஸெராச்சின் ஹைத்தேமாஸ் கா?" என்று கேளுங்கள். நாம் சொல்வது போல 'ஜெலட்டின்' என்றால் அவர்களுக்குப் புரியாது.

இன்னொன்று: பல கடைகளில் ஆளுக்கு ஒரு கிண்ணம் கட்டாயம். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் பாகைக் குறைத்துத் தரச் சொல்லலாம், அல்லது பாகு தனியாக வருகிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

#9 திருவல்லிக்கேணி

அசாமி ரெய்ஸோவின் 1890 என்றதும் எனக்கு எங்கள் தெருக்கோடி ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

ஜப்பானில் ஐஸ் சாப்பிடுவது ஆயிரம் வருடத்துப் பழக்கம். அரண்மனையில் பணிபுரிந்த செய் ஷோனாகோன் என்ற பெண் கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய குறிப்புகளில், நளினமானவை என்று அவர் அடுக்கும் வரிசையில் ஒன்று: சீவின பனிக்கட்டியில் அமாஸுரா ஊற்றி, புது உலோகக் கிண்ணத்தில் வைத்தது. அமாஸுரா என்பது ஒரு கொடியின் சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகு. அன்றைக்கு அது மலைக்குழிகளில் பனிக்காலத்து ஐஸைக் காத்துவைக்க வசதி உள்ள அரண்மனைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த பண்டம்.

சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். யோகோஹாமா துறைமுகம் திறந்த பிறகு அங்கிருந்த வெளிநாட்டவருக்காக அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது, பாஸ்டன் ஐஸ். அது யானைவிலை. நாகாகவா காஹெய் என்ற வியாபாரி உள்நாட்டிலேயே ஐஸ் எடுக்கப் பல இடங்களில் முயன்று தோற்றுப்போய், கடைசியில் 1870-ஐ ஒட்டி, வடக்கே ஹகோதாதேயில் நட்சத்திர வடிவக் கோட்டையான கோர்யோகாகுவின் அகழியில் உறைந்த ஐஸை வெட்டித் தெற்கே கொண்டுவந்து விற்றார். 1887-இல் முராகாமி ஹான்ஸாபுரோ சீவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குக் கடைவாசலில் தொங்குகிற சிவப்பு எழுத்துக் கொடி, நீல அலையும் பறவையும் போட்டதே, அதுவும் அந்தக் காலத்து வழக்கம்தான்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். அதே பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டிய ஐஸ் அதற்கும் முன்பே மெட்ராஸுக்கு வந்துகொண்டிருந்தது. ஃபிரடெரிக் டியூடரின் கம்பெனி அதை இறக்கி வைக்க 1842-இல் கட்டியதுதான் கடற்கரையில் நாம் ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம். அதிலும் மரத்தூள் போட்டுத்தான் கப்பலேற்றினார்கள். பனிக்குளம் சொன்ன நிக்கோ மரத்தூளும் அதுவும் ஒரே யுக்தி. நம்மிடம் கட்டடமும் பெயரும் நின்றுவிட்டன, அவர்களிடம் குளமும் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் ஏக்கமான விஷயம்.

#10 மான்பூமி

நாரா பக்கம் வருகிறவர்கள் ஹிமுரோ கோயிலை விட்டுவிடாதீர்கள். ஹிமுரோ என்றால் ஐஸ் கிடங்கு. ஐஸுக்கென்றே உள்ள கோயில், மே 1 அன்று ஐஸ் படைக்கும் சடங்கு நடக்கும். சாதாரண நாளிலும் சீவின ஐஸை வாங்கிச் சந்நிதி முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் பாகு ஊற்றிச் சாப்பிடலாம். என் மனைவி அதைப் பிரசாதம் என்றே சொல்கிறார். வேறு எப்படிச் சொல்வது?

#11 வெயிலூரான்

பாராட்டு மட்டுமே வருகிறது, என் அனுபவத்தையும் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். படம் பார்த்து, கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் நின்று உள்ளே போனோம். கிண்ணம் கண்ணைப் பறித்தது: நுரை, கேக் துண்டு, தங்கத்தூள். உள்ளே ஐஸ் நறநறவென்று மணல் மாதிரி. இரண்டாவது வாயிலேயே மனைவிக்கு நெற்றிப்பொட்டில் சுளீரென்று வலி. மேலே இருக்கிற அலங்காரம் தீர்ந்த பிறகு சாப்பிட ஒன்றுமில்லை. 2,000 யென்னைவிட, ஆசையாக மனைவியைக் கூட்டிப்போய் இப்படி ஆனதே என்பதுதான் வருத்தம்.

#12 பனிக்குளம்

வருத்தமாக இருக்கிறது சார். அவசரமாக, வியர்க்கவிடாமல் சீவிய ஐஸ் என்று படுகிறது. அவ்வளவு குளிர்ந்த கரகரப்பு அண்ணத்தில் ஒட்டினால் தலை வலிக்கத்தான் செய்யும். அடுத்த முறை படத்தில் மேல் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஏடுகள் பஞ்சு மாதிரி பிசிறிட்டுத் தெரிந்தால் நல்ல கை. உருண்டை பிடித்த மாதிரி வழவழவென்று அமுக்கியிருந்தால் வேண்டாம். அப்புறம், குமகாயாவிலேயே 'யூகிகுமா' என்று போட்ட கடைகள் உண்டு. அந்த ஊர்த் தண்ணீரில் செய்த ஐஸ், பனி மாதிரி மென்மை, கடையின் சொந்தப் பாகு, இவை இருந்தால்தான் அந்தப் பெயர் வைத்துக்கொள்ள முடியும். குழந்தையோடு நாகதோரோ வரைக்கும் போக முடியாதவர்கள் அங்கேயே இறங்கிவிடலாம்.

#13 அடுப்படி

கோயம்புத்தூரிலிருந்து. இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போன வருடம் தம்பி ஜப்பானிலிருந்து கையால் சுற்றும் சின்ன இயந்திரம் ஒன்று கொண்டுவந்து தந்தான். ஐஸ் டிரே கட்டியைப் போட்டுச் சுற்றினால் சர்பத் கடைத் தூள்தான் வந்தது. பனிக்குளம் சொன்னதை வைத்து இரண்டு விஷயம் மாற்றினேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடி இல்லாத ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டிக்குள் டப்பாவை இறக்கி, அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். பக்கமெல்லாம் தெர்மோகோல் மறைப்பதால் மேலிருந்து கீழாக மட்டும் உறைகிறது, குளம் மாதிரியே. முழுவதும் உறையும் முன் எடுத்து, அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மேல்பாகம் கண்ணாடி மாதிரி வந்தது, பின்னால் செய்தித்தாள் வைத்தால் எழுத்துத் தெரிகிறது. அதைத் தட்டில் வைத்து வியர்க்கிற வரைக்கும் காத்திருந்தேன், எங்கள் ஊர் வெயிலுக்குப் பத்து நிமிஷம் போதும்.

பாகுக்குக் கருப்பட்டியைக் காய்ச்சி, சுக்கு சேர்க்காமல் வடிகட்டினேன். குரோமிட்சு இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயறுக்குப் பதில் தட்டைப்பயறு வேகவைத்து வெல்லத்தில் கிளறினேன். நன்னாரியும் ஊற்றிப் பார்த்தேன், அந்த வாசனை ஐஸை மறைத்துவிட்டது, வேண்டாம்.

கோடைமழை அக்கா சொன்னபடி முதல் நாலு கரண்டி வெறும் ஐஸ். முதல் கிண்ணத்தில் பாதி கரகரப்பு. மூன்றாவது கிண்ணத்தில், பிளேடைக் கொஞ்சம் உள்ளே தள்ளிய பிறகு, ஏடு வந்தது. அப்பா வாயில் போட்டுவிட்டு, "சிறுவாணித் தண்ணியா இது?" என்று கேட்டார். ஆமாம், குழாயில் வந்த அதே தண்ணீர்தான்.

#14 கோடைமழை

இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தட்டைப்பயறுக்கு வெல்லம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். நானும் அவரும் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி நாகதோரோ போகலாம் என்று இருக்கிறோம், கடை அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான். வெயிலும் தணிந்திருக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும். வைகைக்கரை அண்ணன், ஒசாகாவிலிருந்து வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஸ்டூல் இரண்டாக எடுத்து வருகிறேன்.

#15 வைகைக்கரை

வருகிறேன். தேதி சொல்லுங்கள்.